மணிக்கு இரண்டேகால் ரூபாய்

போன வாரம் எங்கள் பழைய ஆபீஸ் பையன் ஒருத்தன் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தான். சம்பளப் பிரிவில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவன்தான் உட்கார்ந்திருக்கிறான். படத்தில் ஒரு கட்டம். மணிக்கு எவ்வளவு கூலி என்று அதில் தட்டினால் போதும். மாதத்துக்கு எவ்வளவு, வருஷத்துக்கு எவ்வளவு, பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு என்று வரிசையாகக் கொட்டிவிடுகிறது. "சார், நீங்க முப்பது வருஷமா போட்ட கணக்கு, இப்ப தட்டினா வந்துடுது. உங்க அனுபவத்த எழுதுங்க, பசங்க படிக்கட்டும்" என்று கீழே எழுதி, ஒரு சிரிப்பு மூஞ்சி போட்டிருந்தான்.

எழுதச் சொன்னால் எழுதிவிட வேண்டியதுதான். எனக்குக் கையும் வேகம், வாயும் வேகம். அந்த இரண்டையும் வைத்துத்தான் முதல் வேலை கிடைத்தது. அந்த இரண்டாலேயே அது போகவும் செய்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். மற்ற வருஷங்களில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. சம்பளம் போட்டேன், சம்பளம் வாங்கினேன், ரிடையர் ஆனேன்.

படித்த கதை இரண்டு வரிதான். விழுப்புரத்தில் பி.காம்., கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி இன்ஸ்டிட்யூட்டில் டைப்ரைட்டிங் ஹையர். காதை மறைக்கிற முடி, இறுக்கமான பேன்ட், பேப்பரைப் பார்க்காமலேயே அடிக்கிற திமிர். இவற்றோடு கல்வராயன் மலை அடிவாரத்தில் இருந்த ஒரு ஸ்டார்ச் மில்லில் டைம் ஆபீஸ் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். மில்லின் பேர் வேண்டாம். இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது.

மலையிலிருந்து லாரி லாரியாக மரவள்ளிக் கிழங்கு இறங்கும். கழுவி, அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, மாவைக் களத்தில் காயப்போடுவார்கள். தோண்டிய கிழங்கை உடனே அரைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே கறுத்து நாறிவிடும். இதற்கு ஓயாமல் கரண்ட் வேண்டும், ஆனால் அந்தக் காலத்தில் கரண்ட் வருவதைவிடப் போவதுதான் ஜாஸ்தி. அதனால் முதலாளி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் எந்த மில்லிலும் இல்லாத வழி. தினக்கூலி கிடையாது, மணிக்கூலி. அந்த மணியும் ஆள் நிற்கிற மணி அல்ல, மெஷின் ஓடுகிற மணி.

மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டு தொங்கும். மெஷின் நின்றால் போர்மேன் நேரத்தை எழுதுவார். ஓடினால் மறுபடியும் எழுதுவார். இடையில் ஆட்கள் எல்லாரும் களத்து ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுக்குப் போகக் கூடாது, எந்த நிமிஷமும் கரண்ட் வரலாம். சங்கு ஊதினால் ஓடிவந்து நிற்க வேண்டும். உட்கார்ந்திருந்த நேரத்துக்குக் காசு கிடையாது. சனிக்கிழமை சனிக்கிழமை நான் சிலேட்டைப் பார்த்து மணிகளைக் கூட்டி ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வேன், சம்பளம் போட்டதும் அதைக் கிழித்துப் போட்டுவிடுவோம். பிறகு ஈரத்துணியால் சிலேட்டைத் துடைத்துவிட வேண்டும். துடைப்பதும் என் வேலைதான்.

இனி கணக்குக்கு வருகிறேன், பசங்க கவனமாகப் படிக்கட்டும். அரவை மெஷின் ஆளுக்கு மணிக்கு இரண்டேகால் ரூபாய். காலையிலிருந்து சாயங்காலம் வரை மில்லில் கிடந்தாலும், ஓடிய மணி சராசரியாக ஐந்து தேறும். மாதம் இருபத்தாறு நாள் வந்தால் நூற்று முப்பது மணி. இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டரை ரூபாய். ஆனால் இதை இப்படியே சம்பளப் பதிவேட்டில் எழுத முடியாது. ஒரு நாள் முழுக்க மில்லில் இருந்தவனுக்குப் பதினொன்றேகால் ரூபாய் கொடுத்தது தெரிந்தால் லேபர் இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்பார். அதனால் மணியை நாளாக மாற்றுவோம். நூற்று முப்பதை எட்டால் வகுத்தால் பதினாறேகால் நாள். நாளுக்குப் பதினெட்டு ரூபாய், சட்டத்துக்குப் பொருந்துகிற கூலி. மீதி ஒன்பதே முக்கால் நாள்? அந்த ஆள் வேலைக்கே வரவில்லை என்று ஆப்சென்ட் போட்டுவிடுவோம். கணக்கு காலணா பிசகாது.

இது ரகசியம் ஒன்றும் இல்லை. மில்லில் எல்லாருக்கும் தெரியும். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி எல்லாரும் கையெழுத்துப் போட்டுத்தான் கூலி வாங்கினார்கள். கைக்கு வருகிற தொகை சரியாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்களே தவிர, எத்தனை நாள் ஆப்சென்ட் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். அந்தத் தொகையிலும் பி.எப்., டீக்காசு, தீபாவளி அட்வான்ஸ் எல்லாம் பிடிப்போம். சீசன் எட்டு மாதம்தான். மீதி நாலு மாதம் மில் கேட்டே திறக்காது. ஆக, அரவை மெஷின் ஆள் ஒருத்தர் வருஷம் பூராவும் வீட்டுக்குக் கொண்டுபோனது இரண்டாயிரம் ரூபாய்ச் சொச்சம்.

டைம் ஆபீசுக்குத் தலைவர் தாமோதரன் சார். இவ்வளவு மரியாதையான மனுஷனை நான் அப்புறம் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம். களம் கூட்டுகிற ஆளைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். பிள்ளைகள் பேரெல்லாம் ஞாபகம் வைத்து விசாரிப்பார். எதையும் பென்சிலால்தான் எழுதுவார். பேனாவால் எழுதுவதும் டைப் அடிப்பதும் மற்றவர் வேலை. அவர் மேசைக்கு எதிரே ஒரு ஸ்டூல் இருக்கும். சாதாரணமாகப் போனால் நின்றபடியே பேசி அனுப்பிவிடுவார். "உக்காருங்க" என்று ஸ்டூலைக் காட்டினால் ஏதோ போகப் போகிறது என்று அர்த்தம். வேலையோ, கூலியோ, லீவோ. இதனால் ஆட்கள் அந்த ஸ்டூலில் உட்காரவே மாட்டார்கள். "பரவால்லீங்க சார், நிக்கறேன்" என்று கதவோரமாக ஒதுங்குவார்கள். "அட, உக்காருங்க" என்று அவர் திரும்பச் சொல்லிவிட்டால் முடிந்தது.

சம்பளச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்களை மட்டும் அவர் நிற்கவைத்தே சந்தோஷமாக அனுப்புவார். அதற்கு அவரிடம் வேறொரு கணக்கு இருந்தது. இரண்டேகால் பெருக்கல் எட்டு, பெருக்கல் இருபத்தாறு, பெருக்கல் பன்னிரண்டு. ஐயாயிரத்து அறுநூற்றுப் பதினாறு ரூபாய். கரண்ட் ஒரு நிமிஷமும் போகாத, மில் ஒரு மாதமும் மூடாத ஒரு வருஷத்தின் சம்பளம். அப்படி ஒரு வருஷத்தை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் கல்யாணத்துக்கு நிற்கிற பசங்களுக்கு அந்தக் காகிதம் அமிர்தம். பெண் வீட்டில் காட்டினால் மாப்பிள்ளைக்கு மவுசு ஏறும்.

ஒருதடவை திருநாவலூரிலிருந்து ஒரு மாமனார் பஸ் ஏறி வந்துவிட்டார். கையில் நான் அடித்த சான்றிதழ், கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. "மாப்ள வூட்டுக்குக் குடுக்கறது இதுல பாதி கூட இல்லீங்களே. மீதிய எந்த வூட்ல குடுக்கறாருன்னு எனக்குத் தெரிஞ்சாவணும்" என்று கேட்டில் நின்றுகொண்டார். மில்லே சிரித்தது. மாப்பிள்ளைப் பையன் மட்டும் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். நானும் சிரித்தேன். அடுத்த வருஷம் கோவிந்தன் அண்ணன் வந்து நிற்கும்வரைக்கும் எங்களுக்கு அது ஒரு தமாஷான காகிதம்.

கோவிந்தன் அண்ணன் அரவை மெஷினில் நிற்பவர். நாற்பது வயதிருக்கும். வாயில் எப்போதும் ஒரு நக்கல். என் பேன்ட்டைப் பார்த்து, "தம்பி, இத போட்டுக்கினு கீழ உக்கார முடியாதுன்னுதான் உனக்கு நாற்காலி வேல குடுத்தாங்களா?" என்று கேட்டவர். அவர் மகள் சுமதி பிளஸ் டூ முடித்து, விழுப்புரத்தில் பி.எஸ்சி. விலங்கியல் சீட் வாங்கிவிட்டாள். அவர்கள் வகையறாவிலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண். ஊரிலிருந்து தினமும் விழுப்புரம் போய் வர முடியாது. பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கான அரசு விடுதியில் இடம் கிடைத்தால் சோறும் படுக்கையும் இலவசம். கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் இல்லை. விஷயம் அவ்வளவுதான். விடுதிக்கு வருமான வரம்பு உண்டு. தாலுகா ஆபீசில் போய் நின்றால், "மில் வேலைன்னா மில்லுல எழுதி வாங்கினு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்பனும் மகளும் சேர்ந்து வந்தார்கள். தாமோதரன் சார் சுமதியிடம் மார்க்கெல்லாம் விசாரித்து, "ரொம்ப சந்தோஷம்மா" என்றார். பென்சிலால் குறித்து என்னிடம் தந்தார். ஐயாயிரத்து அறுநூற்றுப் பதினாறு. வரம்புக்கு மேலே போகிற தொகை.

நான் எழுந்து உள்ளே போனேன். "சார், இவரு கைக்கு வர்றது இதுல பாதி கூட இல்ல. இத எழுதினா அந்தப் பொண்ணுக்கு ஹாஸ்டல் கெடைக்காது" என்றேன்.

"நீங்க பி.காம்.தானே? பெருக்கல்ல தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திடலாம்."

"பெருக்கல் சரிதான் சார். வருஷம்தான் தப்பு. பதிவேட்டுல இருக்கறத எழுதலாமில்ல?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "பதிவேட்டுல இருக்கறத எழுதினா, ஏன் பதினாறு நாள்தான் வந்தார்னு தாலுகா ஆபீஸ்ல கேப்பாங்க. நாளைக்கு இன்னொருத்தர் வந்து அதேமாதிரி கேப்பார், அவருக்கும் பதினாறு நாள். மில்லுல இருக்கற எல்லாரும் எப்படிங்க ஒரே மாதிரி பத்து நாள் மட்டம் போடுவாங்க? நீங்களே சொல்லுங்க. பாவம், நல்ல பொண்ணு. டைப் பண்ணிக் குடுத்துடுங்க."

அடித்துக் கொடுத்தேன். சுமதி அதை இரண்டு தடவை படித்தாள். "அண்ணா, பேரு எங்கப்பாதுதான். சம்பளம் யாருது?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் கோவிந்தன் அண்ணன், "கவுர்மெண்டுக்கு இப்டித்தான் எழுதுவாங்கம்மா. அவங்களுக்குத் தெரியும்" என்று சொல்லி அழைத்துக்கொண்டு போனார்.

கவர்மெண்டுக்குத் தெரிந்தது காகிதத்தில் இருந்த தொகை மட்டும்தான். விடுதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். விழுப்புரத்தில் இருந்த அண்ணனுடைய கொழுந்தியா, அதாவது சுமதியின் சித்தி, கொஞ்ச நாளைக்கு வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். ஒரே அறை வீடு, அவளுக்கே மூன்று பிள்ளைகள். சுமதியின் புத்தகங்களை வைக்கக்கூட அங்கே இடம் கிடையாதாம். எல்லாம் அரிசிப் பானைமேல்தான் இருக்கும் என்று அண்ணன் சொல்லிச் சிரித்தார்.

இதற்குள் மறியல் வந்துவிட்டது. தனி ஒதுக்கீடு வேண்டும் என்று எங்கள் பக்கம் பூராவும் ரோட்டை மறித்தார்கள். அந்த வருஷங்களில் இங்கே இருந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ரோட்டோரப் புளியமரங்கள் குறுக்கே விழுந்து கிடந்தன. பஸ் கிடையாது. மலையிலிருந்து கிழங்கு ஏற்றி வந்த லாரிகள் நடுரோட்டில் நின்றுபோய், கிழங்கு அழுகி, நாற்றம் ஊர் எல்லைவரை வந்தது. கொண்டுவந்த மலைக்காரர்கள் கிழங்கை ரோட்டோரம் தள்ளிவிட்டு மேலே நடந்தே போனார்கள். அவர்களுடைய வருஷத்தை எந்தக் கணக்கில் போடுவது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மில் மூடிக் கிடக்கிறதா என்று பார்க்கச் சைக்கிளில் கிளம்பினேன். வழியில் கிடந்த ஒரு மரத்தின்மேல் கோவிந்தன் அண்ணன் பத்துப் பேரோடு உட்கார்ந்திருந்தார்.

"எங்க தம்பி போற? கரண்டும் இல்ல, கெழங்கும் இல்ல. சார பாத்து வணக்கம் வெக்கப் போறியா?"

"நீங்க மட்டும் இன்னா பண்றீங்க இங்க?"

"புள்ளைங்களுக்கு சீட்டு கேட்டு உக்காந்துகினு கீறோம்."

என் வாய் சும்மா இருக்குமா. "கெடச்ச சீட்டே ஒரு பெருக்கல் கணக்குல போய்க்கினு இருக்கு, கெடைக்காத சீட்டுக்கு மரத்து மேல உக்காந்துகினு இருக்கீங்களே" என்றேன். சொல்லிவிட்டு அடி விழுமோ என்றுகூடத் தோன்றியது. அவர் சிரிக்கவில்லை. மரத்திலிருந்து இறங்கி வந்து என் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

"பொங்கல் வரிக்கும்தான் வெச்சிக்குவேன்னு சொல்லிட்டா அவ சித்தி. அதுக்கு மேல சாப்பாட்டுக்கும் ரூமுக்கும் பணம் கட்டணும். நான் எங்க போவேன்? நீ படிச்சவன்தான, ஒரு வழி சொல்லு."

சொன்னேன். "வருஷத்துக்கு ஐயாயிரத்து அறுநூறு சம்பளம்னு மில்லே எழுதிக் குடுத்திருக்கு. கைக்கு வந்தது ரெண்டாயிரம். மீதி எங்கன்னு லேபர் ஆபீஸ்ல மனு குடுங்க. அவங்க காயிதத்த வெச்சே அவங்கள மடக்கலாம். கார்பன் காப்பி என்கிட்ட இருக்கு."

சட்டப்படி இது நல்ல யோசனை. அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மனு போயிற்று. தீபாவளி கழிந்து விசாரணைக்கு விழுப்புரத்துக்குக் கூப்பிட்டார்கள். சம்பளப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு தாமோதரன் சாரோடு நானும் போக வேண்டியதாயிற்று. கள்ளக்குறிச்சி ஸ்டாண்டில் ஏறினால், அதே பஸ்ஸில் கோவிந்தன் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் வந்ததும் சார் மூன்று டிக்கெட் எடுத்தார். "இருக்கட்டுங்க" என்று அண்ணன் சில்லறையை நீட்டியபோது, "ஒரே வேலையாத்தானே போறோம்" என்று அவர் கையை மெல்ல மடக்கிவிட்டார்.

லேபர் இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. மேசை முழுக்கக் கட்டுகள். மனுவைப் படித்தார், கார்பன் காப்பியைப் பார்த்தார், சாரைப் பார்த்தார்.

"எழுதினது நாங்கதாங்க, உண்மைதான்" என்றார் தாமோதரன் சார். "எல்லா நாளும் வந்தா அதுதான் அவரோட வருஷச் சம்பளம். ரேட்டுல ஒரு பைசா கம்மி பண்ணலீங்க. ஆனா அவர் வர்றது..." என்று பாதியில் நிறுத்தி, பதிவேட்டில் கோவிந்தன் பக்கத்தைத் திறந்து வைத்தார். மாதத்துக்குப் பதினாறேகால் நாள். மற்றதெல்லாம் ஆப்சென்ட். ஒவ்வொரு மாதத்துக்கும் ஸ்டாம்பு, ஸ்டாம்புமேல் கோவிந்தன் கையெழுத்து.

"இது உங்க கையெழுத்துதானே?"

"எங்கையெழுத்துதாங்க. ஆனா நான் தெனமும் வந்தேங்க. கரண்டு இல்லன்னா களத்துல உக்காந்துகினு இருப்போம். சங்கு ஊதினா ஓடுவோம். அந்த நேரத்த எல்லாம் இப்டி எழுதிக்கினாங்க."

"அதுக்கு ஏதாவது எழுத்துல இருக்குதா?"

சிலேட்டில் இருந்தது. அதைச் சனிக்கிழமைதோறும் துடைத்தாகிவிட்டது.

நான் பதிவேட்டைத் தூக்க வந்தவன், பேச வந்தவன் இல்லை. ஆனாலும் பேசினேன். "சார், அடுத்த பக்கத்த திருப்பிப் பாருங்க. அதுக்கு அடுத்ததயும் பாருங்க. எல்லாருக்கும் அதே பதினாறேகால்தான் இருக்கும்."

"நீங்க யாரு?"

"டைம் ஆபீஸ் டைப்பிஸ்ட் சார்."

"அடுத்த பக்கத்து ஆளு மனு குடுத்திருக்காரா?"

"இல்ல சார்."

"அப்ப நான் எதுக்குப் பாக்கணும்?"

மனு தள்ளுபடி. திரும்பும்போதும் தாமோதரன் சார்தான் மூன்று டிக்கெட்டையும் எடுத்தார். வழியில் வண்டி நின்ற இடத்தில் எனக்கு வேர்க்கடலையும் வாங்கித் தந்தார்.

அடுத்த வாரம் சுமதியிடமிருந்து தகவல் வந்தது. விடுதியில் ஒரு பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள், ஒரு இடம் காலி. பொங்கலுக்குள் திருத்திய வருமானக் காகிதம் கொண்டுவந்தால் சேர்த்துக்கொள்வதாக வார்டன் அம்மா சொல்லியிருக்கிறார். அண்ணன் நேரே டைம் ஆபீசுக்கு வந்தார்.

"உக்காருங்க" என்றார் தாமோதரன் சார்.

அண்ணன் உட்கார்ந்துவிட்டார். அந்த ஸ்டூலில் ஒருத்தர் முதல் தடவை சொன்னதுமே உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நல்ல விஷயம். வருமானம் கம்மின்னு ஒரு காயிதம், அவ்ளோதானே? பதிவேட்டுப்படியே எழுதிடலாம், லேபர் ஆபீஸ்லயே காட்டியாச்சு. ஒண்ணே ஒண்ணு, ஏன் கம்மின்னு கேட்டா மில்லுக்குக் கெட்ட பேரு வந்துடக் கூடாது பாருங்க. அதனால நீங்க ஒரு லெட்டர் குடுத்துடுங்க. நான் ஒழுங்கா வேலைக்கு வர்றதில்ல, அதனாலதான் சம்பளம் கம்மி, மில்லுமேல எனக்கு எந்தப் புகாரும் இல்ல. மூணே வரி."

"அண்ணே, போடாதீங்க. இது வேற எதுக்கோ கேக்கறாங்க" என்றேன், சார் எதிரிலேயே. சார் கோபிக்கவில்லை. "அவர் யோசிக்கட்டும், அவசரம் இல்ல. பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கு" என்றார். எத்தனை நாள் இருக்கிறது என்பது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. பென்சிலால் எழுதியிருந்த வாசகத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"குடும்பச் சூழ்நிலை காரணமாக ஒழுங்காக வர இயலவில்லைன்னு போட்டிருக்கு. இது இன்னாங்க?"

"சும்மா ஒரு காரணம், மரியாதையா இருக்கட்டும்னு..."

"குடும்பத்துமேல போடாதீங்க சார். என் பொண்டாட்டி ஒருநாளும் என்னை வேலைக்குப் போவாதன்னு சொன்னதில்ல. காச்சல்ல கெடந்தப்பகூட எழுப்பித்தான் அனுப்பினா. சோம்பேறித்தனம்னு போடுங்க. அது எம்மேலயே இருக்கட்டும்."

தாமோதரன் சார் அந்த வரியை ரப்பரால் அழித்துவிட்டு வேறு எழுதினார். நான் டைப் அடித்தேன். பேப்பரைப் பார்க்காமல் அடிப்பவன், அன்றைக்குப் பார்த்துத்தான் அடித்தேன். கண்ணுக்கு எதிரில் 'சோம்பேறித்தனத்தால்' என்று ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது. மில்லிலேயே மெஷினை விட்டு நகராத மனுஷன் அவர். கரண்ட் வந்தால் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே மெஷினிடம் போய் நிற்பவர். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து, "வரேங்க சார்" என்றார்.

சுமதிக்கு விடுதி கிடைத்துவிட்டது. பொங்கல் முடிந்து பெட்டியோடு போய்ச் சேர்ந்தாள்.

அந்த சீசன் முடிந்ததும் எனக்குச் சீட்டுக் கிழிந்தது. டைப்பிங்குக்கு இனிமேல் வெளியாளை வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார்கள். ஸ்டூலில் உட்காரச் சொல்லித்தான் சொன்னார்கள். கள்ளக்குறிச்சியில் ஒரு பாய் கடையில் கணக்கெழுதப் போனேன். அங்கிருந்து மெட்ராசில் ஒரு கம்பெனி. அங்கேயே சம்பளப் பிரிவில் முடி நரைத்தது.

அடுத்த சீசன் திறந்த அன்று நடந்ததைப் போர்மேன் சொல்லித்தான் கேட்டேன். கேட்டில் ஆட்களை வரிசையாக உள்ளே விட்டபோது கோவிந்தன் அண்ணனை மட்டும் தள்ளி நிற்கச் சொன்னார்களாம். தாமோதரன் சாரே இறங்கி வந்து, "ஒழுங்கா வர முடியலன்னு நீங்களேதான் எழுதிக் குடுத்திருக்கீங்க. உங்களக் கஷ்டப்படுத்த எங்களுக்கு மனசு வரலீங்க" என்றாராம். போர்மேன் உட்பட ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? எல்லாருக்கும் பதிவேட்டில் பதினாறேகால் நாள்தான்.

இன்னும் ஒரு வருஷம் கழித்து, பாய் கடைக்குச் சரக்கு எடுக்கப் போனபோது பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே அவரைப் பார்த்தேன். ஒரு டிராக்டர் டிரெய்லரில் கிழங்கு மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தார். மலையில் கிழங்கு பிடுங்கி ஏற்றிவிடுகிற வேலை. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி, அதுவும் மழை பெய்தால் இல்லை. ஆள் பாதியாக இளைத்திருந்தார். என் பேன்ட்டைப் பார்த்தார், ஆனால் நக்கல் எதுவும் அடிக்கவில்லை.

எனக்கு ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருந்தது. விடுதிக்கு வருஷா வருஷம் வருமானக் காகிதம் புதுப்பிக்க வேண்டும். மில்லில் இல்லாதவருக்கு யார் எழுதித் தருவார்கள்? "சுமதிக்கு ஹாஸ்டல் இன்னா ஆச்சுண்ணே? மறுபடி ஏதாவது தொந்தரவு பண்றாங்களா?" என்றேன்.

டிராக்டர் கிளம்புகிற சத்தத்துக்கு மேலே அவர் குரலை உயர்த்தினார்.

"இப்ப ஒரு தொந்தரவும் இல்ல தம்பி. தாலுகா ஆபீஸ்ல என்னை ஒருதடவ பாத்தாங்க, அவ்ளோதான். கணக்கே கேக்கல, எழுதிக் குடுத்துட்டாங்க."